அக்காவும் அவருடைய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும்

அக்கா எங்களை விட்டு ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் அவர் செய்த கேக்கைச் சாப்பிட்டவர்கள். மீதிப் பேர் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அதனால் அக்காவைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு வேறு எதுவும் முதலில் தோன்றவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறப்பு, படிப்பு எல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்துவிடுகிறேன்.

அக்கா மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவர். எங்கள் அப்பா, நைனா என்போம், சுரங்கத்துக்குள் பாறை இடிந்து விழாமல் மரம் வைத்து முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்தார். நான் பிறக்கவே இல்லை. நான் நடக்கப் பழகும் முன் அம்மா இறந்துவிட்டார். அதன்பின் என்னைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் அக்காதான். பி.காம். முடித்து, விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் நம் ஊர்க் கூட்டத்தில் அவரும் ஒருவரானார். கம்பெனியில் நல்ல பெயர். நைனாவுக்குச் சுரங்கத் தூசியால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்யப்போவதாகச் சொன்னார். ரயிலில் கூடப் போனவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "உனுக்கு இன்னா பைத்தியமா?" (கேட்டவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அக்கா உங்களை எப்போதோ மன்னித்துவிட்டார்.)

கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போகும்போது அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போன சைடு பை சைடு ஃப்ரிட்ஜ் அது. பீரோ போல இரண்டு கதவு. இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஃப்ரீசர், வலப்பக்கம் சாதாரணக் குளிர். லைன் வீட்டு வாசலில் அது நுழையவில்லை. அக்கா ஸ்பேனர் எடுத்து இரண்டு கதவையும் கழற்றி, உள்ளே கொண்டுவந்து மறுபடி மாட்டினார். கூடத்தில் பாதியை அது எடுத்துக்கொண்டது. அதன் பக்கத்தில்தான் என் பாய்.

அதை அவர் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். காற்றுக் காலத்தில் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறந்து வரும் தூள் பின்பக்கக் காயில் குழாய்களில் மாவு போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சூடு வெளியே போகாது, கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெயிண்ட் பிரஷால் தட்டித் தட்டிச் சுத்தம் செய்வார். கதவு ரப்பரைச் சோப்பு நீரால் துடைப்பார். கோயில் நோட்டீஸை மடித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முன்கால்களைத் திருகி, முன்பக்கம் ஒரு விரல் உயரமாக இருக்கும்படி வைத்திருந்தார். அப்போதுதான் கையை விட்டதும் கதவு தானாக மூடிக்கொள்ளும்.

முதல் பெரிய ஆர்டர் ஒரு கல்யாண கேக். மூன்று அடுக்கு, வெண்ணெய்க் கிரீம். பெண் வீடு எங்களுக்கு அடுத்த லைன். ஊரே வரும் கல்யாணம். கேக் இளகி வழிந்தால் இரண்டாவது ஆர்டர் வராது. மறுபடி விடியற்கால ரயில்தான், பகலில் நைனாவைப் பார்க்க ஆளில்லை. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அக்கா வலப்பக்கக் கதவைத் திறந்து கையை உள்ளே வைத்தார். குளிர் இல்லை. கிரீம் தொட்டால் விரலோடு வந்தது. நான் பங்காருபேட்டை மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். "கம்ப்ரஸர் போயிருக்கும்மா. நாளன்னிக்கு வந்து பாக்கறேன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. இங்க வா, ஃப்ரீசர்ல கை வெய்யி," என்றார் அக்கா. "இன்னா கீது?"

"ஐஸு."

"கல்லு மாதிரி கீதா? கம்ப்ரஸர் போயிருந்தா அது எப்டி கல்லா இருக்கும்?"

நான் ஃபோனில் தேட ஆரம்பித்தேன். அக்கா வலப்பக்கம் மேலே இருக்கும் காற்று வழியில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிர் இடப்பக்கத்தில்தான் உண்டாகிறது. ஒரு ஃபேன் அதை வலப்பக்கம் தள்ளுகிறது. காற்று வரவே இல்லை. நான் ஃபோனில் கண்டதும் அதேதான். ஃப்ரீசரின் பின்பலகைக்கு அந்தப் பக்கம் ஐஸ் படிந்து காற்றை அடைத்திருக்க வேண்டும். "ஐஸு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த நைனா திடுக்கிட்டு எழுந்தார்.

"காத்து அடைச்சிகினா மெசினு போச்சின்னுதான் எல்லாரும் சொல்வான்," என்றார், விஷயம் கேட்டுவிட்டு. "சுரங்கத்து ஷாஃப்ட்லயும் அப்டித்தான். மெசினு நல்லா ஓடிகினுதான் இருக்கும்."

"சரி நைனா, இம்மாம் ஐஸு எப்டி வந்துச்சி?"

கேட்டுக்கொண்டே அக்கா ஃப்ரீசர் கதவிலிருந்து கையை எடுத்தார். அது மூடிக்கொள்ளாமல் மெல்ல எங்கள் பக்கமாக வந்தது. அக்கா குனிந்து டார்ச் அடித்தார். ஃப்ரிட்ஜின் பின்பக்க அடியில் புதிதாகச் சீவிய மரக்கட்டைகள், அளவெடுத்துச் செருகியவை.

"நைனா, இது யாரு வேலை?"

நைனா கூரையைப் பார்த்தார். "அது நேரா நிக்கலம்மா. எம்மாம் கனம்! பக்கத்துல சின்னது படுத்துகினு கீது."

முட்டுக் கொடுக்காத கனத்தின் பக்கத்தில் ஒரு பிள்ளையைத் தூங்கவிட அவரால் முடியவில்லை. அக்கா சாமான் வாங்கப் பெங்களூர் போன நாளில், மூச்சு வாங்க வாங்கக் கடப்பாரையால் நெம்பிச் செருகியிருக்கிறார். அன்றிலிருந்து கதவு சரியாக மூடவில்லை. உள்ளே போன ஈரக்காற்றெல்லாம் ஐஸாகப் படிந்துவிட்டது.

அக்கா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து சிரித்தார். "உங்க கட்டை மலையையே தாங்கும் நைனா. ஆனா இதுக்கு முட்டே வேணாம். கொஞ்சம் பின்னால சாய்ஞ்சாத்தான் இது வாய மூடும்."

"உன்ன மாதிரி இல்ல," என்றார் நைனா.

ஐஸ் கரைய வேண்டுமானால் ஃப்ரிட்ஜை அணைத்து, கதவுகளைத் திறந்து, நாள் முழுக்க விட வேண்டும். கத்தியால் சுரண்டினால் உள்ளே இருக்கும் காயில் ஓட்டையாகி, குளிர்விக்கும் கேஸ் போய்விடும். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் யாருக்கு அந்தத் தைரியம் வரும்? அக்கா பிளக்கைப் பிடுங்கினார். கேக் அடுக்குகளையும் கிரீமையும் தூக்கிக்கொண்டு பஜாரில் மளிகைக் கடை மாமாவிடம் ஓடினோம். அவர் கடையில் கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடி ஃப்ரிட்ஜ் இருக்கிறது. மாமா வீட்டில் சுத்த சைவம்.

"அம்மாடி, இதுல முட்டை கீதா?"

"கீது மாமா. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

மாமா உள்ளே அத்தை இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். "நான் கேக்கவே இல்ல. பாட்டில எல்லாம் எடுத்து வெளிய வெய்யி, சீக்கிரம்."

நாங்கள் திரும்பி வந்து துணி விரித்து, தண்ணீரைப் பிழிந்துகொண்டிருக்கும்போது, வாசலில் கல்யாணப் பெண்ணின் அம்மா! கேக்கைப் பார்க்க வந்தவர், காலியான ஃப்ரிட்ஜையும் தரையெல்லாம் ஓடும் தண்ணீரையும் வாளியோடு நிற்கும் நைனாவையும் பார்த்து, "ஐயோ, இன்னாடி இது?" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"குளிப்பாட்டிகினு இருக்கோம் அத்தை," என்றார் அக்கா. "நாளைக்குக் கல்யாணம் இல்ல?" பிறகு எழுந்து, கை துடைத்துக்கொண்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னார். "கேக் பத்திரமா கீது. நேரத்துக்கு வந்துடும். என்னை நம்புங்க." அந்த அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துணி பிழிய உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கட்டைகளை உருவிவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கை மறுபடி செருகினோம். அக்கா காற்று வழியில் கை வைத்தார். பிறகு நைனாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். "வருதும்மா," என்றார் நைனா.

மறுநாள் மூன்று அடுக்கும் சர்க்கரைப் பூக்களோடு மேசையில் நின்றது. பாட்டு முடியும்வரை, போட்டோ முடியும்வரை, வாழ்த்துரைகள் முடியும்வரை (நம் ஊர் வாழ்த்துரைகள் உங்களுக்குத் தெரியும்) ஒரு இதழ்கூட வழியவில்லை. பந்தியில் பெண்ணின் அம்மா எல்லோரிடமும் அக்காவைக் கைகாட்டினார். அதற்குப் பின் அக்கா அந்த விடியற்கால ரயிலில் வேலைக்குப் போகவே இல்லை. பங்காருபேட்டையிலிருந்தும் கோலாரிலிருந்தும் கேக்குக்கு ஆள் வந்தார்கள். நைனாவுக்கு வேளை தவறாமல் மருந்து, எனக்குக் காலேஜ் படிப்பு, எல்லாம் அந்த இரண்டு கதவுகளுக்குள்ளிருந்து வந்தவை. இப்படி ஒருவருக்குத் தங்கையாக இருந்தேன் என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது, மன்னியுங்கள்.

அக்காவுக்கு வந்த நோய் சீக்கிரமாகப் பெரிதாகிவிட்டது. கோலார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, வலியைச் சொல்லும் முன், "காயில் தூசி தட்னியா?" என்று கேட்பார். கடைசி நாளில் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அமைதியாகப் போனார்.

இரவும் பகலும் கூட இருந்த செவிலியர் சகோதரிகளுக்கும், ஜெபித்த பாதிரியார் ஐயாவுக்கும், குழி வெட்டுவது முதல் சாப்பாடு வரை பார்த்துக்கொண்ட லைன் அண்ணன்மார்களுக்கும், அடக்கத்தன்று கடையை மூடிவிட்டு முன்வரிசையில் நின்ற மளிகைக் கடை மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அடக்கம் முடிந்த அடுத்த வாரம், கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். "ஞானஸ்நானத்துக்குக் கேக் வேணும். கேக் அக்கா இருக்காங்களா?" என்றார். நைனாதான் சொன்னார்: "அவ ஆண்டவர்கிட்ட போய்ட்டாம்மா." அந்தப் பெண் கண் கலங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இரும்மா, உள்ள வா. சின்னது செஞ்சி குடுக்கும். எந்தத் தேதிக்கு வேணும்?"