கருவாட்டுக் கடைக்கு மேலே ஒரு நீதி வாசகம்

பிள்ளைகளே, நம் வீட்டுச் சுவரில் நல்ல புத்திமதி ஒன்று எழுதித் தரச் சொல்லி எல்லோரும் சேர்ந்து கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், ஒரு புத்திமதியைப் பொதுச் சுவரில் எழுதியதால் வந்த வில்லங்கத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி முடியப்போகிற காலம். கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் ஊருக்குக் கிராமச் சங்கத்தார் ஒரு சந்தைக் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். சுவர் சும்மா கிடக்கக் கூடாது, சனங்களுக்குப் பிரயோசனமான நீதி வாசகம் ஒன்று வேண்டும் என்று தீர்மானமாயிற்று. எழுதுகிற வேலை எனக்கு வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவதில் என் கைக்கு மதிப்பு இருந்தது.

எந்த வாசகம் என்பதில்தான் இழுபறி. எங்கள் மாதா கோயில் சுவாமியார் வேதாகமத்திலிருந்து ஒன்று கொண்டுவந்தார். பள்ளிவாசல் லெப்பை குர்ஆனிலிருந்து ஒன்று. கோயில் ஐயர் கொண்டுவந்த பாட்டை எழுதக் கூரைக்கு மேலும் சுவர் வேண்டும். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டும் முடியவில்லை. கடைசியில் சங்கத் தலைவர்தான் கவனித்தார், மூவரும் சொல்வது ஒரே விஷயம் என்று. கடவுள் பெயர் எதுவும் போடாமல், சாதாரணத் தமிழில் எழுதுவோம் என்றார்: “நிறுவையில் மோசம் செய்யாதே.” எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். பிளேன்ரீ குடித்து, பணிஸ் தின்று, ஆளையாள் தட்டிக்கொடுத்துக் கலைந்தார்கள். நான் உள்ளே இருக்கிறதில் பெரிய சுவராகப் பார்த்து, வள்ளத்து நீலத்தில், வாசலிலிருந்தே வாசிக்கிற அளவுக்கு எழுதிவிட்டேன்.

அதன் பிறகுதான் கடைகளுக்கு இடம் பிரிக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். வாசகத்துக்கு நேர் கீழேயுள்ள இடம் கருவாட்டு வியாபாரியான முஸ்லிம் நானா ஒருவருக்கு விழுந்தது. ஊரிலேயே நேர்மையான தராசு அவருடையது. நிறுத்த பிறகும் ஒரு துண்டைத் தூக்கிப் போடுகிற மனிதர். மணல் அடிக்காத மூலை கிடைத்ததென்று முதல் நாள் அவரும் மகிழ்ந்துதான் இருந்தார்.

சந்தை திறந்தது. வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். எங்கள் மாதா கோயில் தெருப் பெண் ஒருத்தி, “நானா, மேல ஒருக்காப் பாத்துப்போட்டு நிறுங்கோ” என்றாள். சும்மா பகிடிதான். ஆனால் அடுத்தவள் சிரிக்காமலே, வாங்கியதைப் பக்கத்துக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நாளில் அவர் கடையில் ஈ மட்டும் நின்றது. இடம் மாற்றித் தரும்படி எங்கள் வேதக்கார மீன்காரன் ஒருவனைக் கெஞ்சியிருக்கிறார். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்: “அந்த எழுத்து எனக்கு மேல இருந்தா சனம் உடனே நம்பிப்போடும், நானா.”

ஒரு நாள் அவர் வெற்றுச் சாக்கொன்றை வாசகத்தின் மேல் தொங்கவிட்டார். லெப்பை, சுவாமியார் கோபிப்பார் என்று இருந்தார். சுவாமியார், ஐயர் கோபிப்பார் என்று இருந்தார். எல்லோருக்கும் சொந்தமான வாசகமாகையால் கோபிப்பதற்கு ஒருவரும் இல்லை. ஆனால் சனம் விடவில்லை. மறைக்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது என்று கதை பரவியது. சாக்கு இறங்கியது.

அன்று பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

“தம்பி, கள்ளப் படிக்கல்லு வெச்சிரிக்கிறவன் எல்லாம் அங்கால இருந்து சிரிக்கிறான். எழுத்து மட்டும் என்ட தலைக்கு மேல. மகளக் கேட்டு வந்த ஆக்கள் சந்தைக்குள்ள போய் அண்ணாந்து பாத்திட்டு, யோசிச்சுச் சொல்றம் எண்டு போய்ட்டாங்க.”

“அழிச்சு விடவா, நானா?”

“அத நான் சொல்ல ஏலாது. நல்ல பேச்செல்லோ அது.”

நான் போய்ச் சங்கத் தலைவரிடம் சொல்ல, மறுபடியும் கூட்டம். வாசகத்தைச் சந்தையின் நுழைவாசலுக்கு மேலே எழுதினால் விற்பவர், வாங்குபவர், சங்கத்தார் எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்றார் சுவாமியார். ஒரே குரலில் சரி என்றார்கள். அப்படியானால் பழையதை அழிக்கலாமா என்று தலைவர் கேட்டார். லெப்பைதான் மெல்ல வாய் திறந்தார்:

“எங்கட பங்க அழிச்சா எங்களுக்குக் கோவமில்ல. மத்தவங்கட வேதத்தில கை வெக்கிறதுதான் எங்களுக்கு ஹறாம்.”

சுவாமியார், தம்முடைய நிலையும் அதேதான் என்றார். ஐயர் கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். ஒருவர் நம்பிக்கையை ஒருவர் இவ்வளவு மதித்தால் ஒரு கருவாட்டுக் கடை பிழைக்காது என்பதை அன்றுதான் கண்டேன். நுழைவாசலில் எழுதச் சாவியை என் கையில் தந்த தலைவர், கட்டடத்துக்கு அடித்த சுண்ணாம்பு ஒரு வாளி உள்ளே மிஞ்சிக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்காகச் சந்தை பூட்டிக் கிடந்தது. நுழைவாசலில் எழுதி முடித்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஐயரை நினைத்துச் செருப்பைக் கழற்றி வைத்தேன். லெப்பையை நினைத்து, சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டேன். சிலுவை அடையாளம் போட்டேன். பிறகு நானாவின் இடத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி, ‘மோசம்’ என்ற சொல்லின் மேல் முதல் சுண்ணாம்பை இழுத்தேன்.