யாரைப் பார்க்க வந்தீங்க?

ஒருவரைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவார்கள். சும்மா வந்தவர்கள் முதலில் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடங்களாகச் சிகுசா இதைக் கவனித்து வந்தாள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததல்ல. ஹராஜுகுவில், தகேஷிதா தெருவுக்குப் பின்புறம் இருந்த ‘மினாசோகோ’ என்ற நிலத்தடிப் பாட்டு ஹாலின் டிக்கெட் ஜன்னல் அவ்வளவு தாழ்வு. உள்ளே உட்கார்ந்தவளுக்கு வெளியே நிற்பவரின் இடுப்பும் கைகளும்தான் தெரியும்.

கைகள் போதுமானவையாக இருந்தன. மூன்று அடுக்கு லேஸ் வைத்த கை, வரிசையாக ஊக்குகள் குத்திய தோல் சட்டைக் கை, நகத்தில் ஸ்ட்ராபெரி பொம்மை ஒட்டிய கை, ஒன்றில் கறுப்பும் இன்னொன்றில் மஞ்சளுமாக உறை மாட்டிய கை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பதினேழு வயதில் தோசிகியிலிருந்து ரயிலேறி இந்தத் தெருவுக்கு வந்தவள் சிகுசா. இப்படியெல்லாம் உடுத்திக்கொள்ளத்தான் வந்தாள். உடுத்திக்கொண்டு நாலு பேர் பார்க்க நிற்கும் தைரியம்தான் வரவேயில்லை. அதனால் அந்தத் தாழ்ந்த ஜன்னல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கடையில் விலை கேட்கவே கூச்சப்படுகிறவள், அங்கே உட்கார்ந்து ஒரே கேள்வியை நாளொன்றுக்கு நூறு முறை கேட்டாள்.

“இன்னைக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?”

ஒரு நாளைக்கு ஐந்து குழுக்கள் பாடும். ஒவ்வொரு குழுவுக்கும் தாளில் ஒரு கட்டம். வருகிறவர் பெயர் சொன்னால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் ‘சரி’ என்று பொருள்படும் ஓர் எழுத்து முழுசாகும். கடைசியில் ஆறாவதாக ஒரு கட்டம், ‘யாருமில்லை’ என்று. பத்துப் பேருக்குக் குறைவாக மூன்று முறை வந்தால் அந்தக் குழுவை மறுபடி கூப்பிட மாட்டார்கள். யார் முதலில் பாடுவது, யார் கடைசியில் பாடுவது என்பதையும் அந்தக் கோடுகளே சொல்லும். கடைசியில் பாடுவதுதான் கௌரவம்.

ஆறாவது கட்டத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. உயரக் கட்டைச் செருப்பு காலைக் கடிக்க ஆரம்பித்ததும் எங்காவது உட்கார்ந்தால் போதும் என்று இறங்கி வருகிற பெண்கள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள், பெயர்ப்பலகை அழகாக இருக்கிறதே என்று வருகிறவர்கள். பத்தொன்பது படிகள் இறங்கி வந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, “யாரும்னு இல்ல, சும்மாதான்” என்பார்கள்.

ருரிகோ முதல்முறை அங்கே பாட வந்தது பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம். தனியாள், ஒரு கித்தார். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. மற்றவர்களெல்லாம் ஜன்னலைப் பார்த்துப் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் குனிந்து, தலையை ஜன்னலுக்குள்ளேயே நீட்டிவிட்டாள்.

“முகம் தெரியாம வணக்கம் சொன்னா, ஜன்னலுக்குச் சொன்ன மாதிரில்ல இருக்கு? நான் ருரிகோ. உங்க பேரு?”

சிகுசா பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காது வரை சூடேறிவிட்டது.

அன்று பனி கொட்டியது. ருரிகோவுக்கென்று வந்தவர்கள் இரண்டே பேர். ஆறாவது கட்டத்துக்கு ஒன்பது பேர். ஒன்பதாவது ஆளின் நனைந்த கையுறை உள்ளே நீண்டு, “யாரும்னு இல்லம்மா” என்றபோது, சிகுசாவின் பேனா தாளில் ஓர் அங்குலம் நகர்ந்தது. கோடு ருரிகோவின் கட்டத்தில் விழுந்தது. பிறகு தாளை மாற்றி எழுதி, மற்ற எட்டுப் பேரையும் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள். மொத்தம் சரியாக வந்தது. பதினொன்று. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். போகப்போக ருரிகோவுக்கென்றே வருகிறவர்களும் பத்து, பன்னிரண்டு என்று ஆனார்கள். ஆனால் தாளில் அதற்குள் இருபத்தைந்து, முப்பது ஆகியிருந்தது. பாதியில் நிறுத்தினால் எண்ணிக்கை சரிந்து விழும். அதனால் சிகுசா நிறுத்தவில்லை. ருரிகோ பாடும் நாட்களில் ஆறாவது கட்டம் மட்டும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மேடை விளக்கு கண்ணில் அடிக்கும்போது, எதிரே இருட்டில் நிற்கிறவர்களில் யார் யாருக்காக வந்தார்கள் என்று பாடுகிறவளுக்குத் தெரியாது.

செப்டம்பரில் ஒரு நாள் மேனேஜர் ஹிரோபே ஊழியர்களை மேடைக்கு முன்னால் கூட்டினார். மனிதர் எப்போதும் சத்தம் போட்டுத்தான் பேசுவார். பாதிக் காது டிரம்ஸில் போய்விட்டது.

“கட்டடத்தையே இடிக்கப் போறாங்க. நவம்பர் கடைசி ஞாயிறு நம்ம கடைசி நாள். அழுறவங்க இப்பவே அழுதுருங்க, அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு. முரோய்-சான், நீங்க என்ன, முதல் நாள் மாதிரியே மூஞ்சிய வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?”

“இல்ல மேனேஜர். எப்பவும் இப்படித்தான்” என்றாள் சிகுசா முரோய். எல்லோரும் சிரித்தார்கள்.

ஹால் மூடுவதை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். அவளைப் பிடித்து ஆட்டியது வேறு. நவம்பர் முதல் வாரத்தில் ருரிகோ ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

“சிகுசா-சான், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஷிபுயாவுல ஒரு ஹால் பார்த்திருக்கேன். இருநூறு பேர் நிக்கலாம். வேற யாரும் கிடையாது, நான் மட்டும்தான் பாடப் போறேன். அது முடிஞ்சதும் ஊர் ஊரா போகலாம்னு இருக்கேன்.”

“நீங்க வேலை பார்க்கிற க்ரேப் கடை?”

“அதான் வேடிக்கை. எட்டு வருஷமா மாவு ஊத்தினவளை இப்ப மேனேஜர் ஆகச் சொல்றாரு முதலாளி. புதுக் கடைக்கு. கடைசி நாள் கழிச்சு, திங்கக்கிழமை காலைல பதில் சொல்லணும். ஷிபுயாவுக்கும் அதே திங்கக்கிழமைதான். கடையை எடுத்துக்கிட்டா பாட்டை விட்டுர வேண்டியதுதான், வாரம் ஆறு நாள் நிக்கணும். எனக்கும் முப்பத்தி நாலு ஆச்சு. ஆனா பாருங்க, முப்பது பேரு பதினோரு வருஷமா விடாம வர்றாங்க. ஆளுக்கு மூணு பேரக் கூட்டிக்கிட்டு வந்தாலே நூத்தி இருபது. நீங்கதானே எண்ணினீங்க, உங்களுக்குத்தான் தெரியும். துணிஞ்சு எடுத்துரலாம்ல?”

சிகுசா தலையாட்டினாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குத்தான் ஆட்டினாள். ருரிகோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஜன்னல் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சிகுசாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறையில் துணி மடிக்க ஆரம்பித்து, பாதியில் எழுந்து பாத்திரம் கழுவப் போவாள். குழாயைத் திறந்துவிட்டுக் கடிதம் எழுத உட்காருவாள். ‘ருரிகோ-சானுக்கு’ என்ற வரியோடு கிழித்துப் போட்ட தாள்கள் ஏழு. ரயிலில் ஒரு நிலையம் முன்பே இறங்கி நடந்தாள். மறுநாள் ஒரு நிலையம் தாண்டி இறங்கித் திரும்பி நடந்தாள். நேரில் சொல்லிவிடலாம் என்று க்ரேப் கடை வரிசையில் போய் நின்றாள். முன்னாலும் பின்னாலும் பள்ளிக்கூடப் பெண்கள். முறை வந்ததும், “வாழைப்பழம், கிரீம்” என்றுதான் வாயில் வந்தது. மூன்று நாளில் நான்கு தடவை.

“சிகுசா-சான், திரும்பவுமா?” என்றாள் ருரிகோ, கல்லில் மாவை வட்டமாக இழுத்துக்கொண்டே. “வயித்துக்குள்ள யாரையாவது உட்கார வெச்சுத் தீனி போடுறீங்களா?”

“இல்ல... ருரிகோ-சான், அந்தக் கோடு...”

“எந்தக் கோடு?”

“ஆன்ட்டி, சீக்கிரம் ஆகட்டும், எங்களுக்கு டியூஷன் இருக்கு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிகுசா க்ரேப்பை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். தெருமுனை வரை நடந்து, அதைத் தின்னவும் முடியாமல் போடவும் முடியாமல், கிரீம் மணிக்கட்டில் வழியும் வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி ஞாயிறும் வந்தது. நிகழ்ச்சி மதியம் இரண்டு மணிக்கு. கடைசியில் பாடுகிறவர்தான் முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது அங்கே முறை. காலை பத்து மணிக்கே ருரிகோ மேடையில் நின்றாள். கோடுகளின்படி ஹிரோபே அவளைத்தான் கடைசியில் போட்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. சிகுசா புதுத் தாளில் ஆறு கட்டம் போட்டாள். அளவுகோல் இரண்டு முறை வழுக்கியது.

வாயால் சொல்ல முடியாவிட்டால் தாளாவது சொல்லட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கே கூட்டம் படியிலிருந்து தெரு வரை நின்றது. பத்து, பதினைந்து வருடங்களாகக் காணாத கைகளெல்லாம் வந்தன. ஒரு காலத்தில் லேஸ் வைத்த மணிக்கட்டில் இப்போது குழந்தையின் பை தொங்கியது. ஊக்குகள் குத்தியிருந்த கையில் அலுவலகக் கோட்டு.

“இன்னைக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?”

“யாரையும் இல்ல. இந்த ஹாலைத்தான்.”

“இடத்தைத்தாங்க பார்க்க வந்தேன்.”

“உங்க குரலைக் கேட்கத்தான் வந்தேன்னு வெச்சுக்கோங்களேன். இன்னும் அதே ராகம்!”

ஹாலுக்கென்று ஒரு கட்டம் இல்லை. எல்லாம் ஆறாவதில் விழுந்தன. எழுத்து எழுத்தாக அது நிறைந்து, ஓரத்தில் வழிந்து, தாளின் பின்பக்கத்துக்கும் போயிற்று. ஒவ்வொரு முறையும் பேனா பழக்கதோஷத்தில் ஓர் அங்குலம் நகரப் பார்த்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டாள்.

ஆறு மணிக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ருரிகோ பாடியபோது கூட்டம் மொத்தமும் கை தட்டியது சுவர் வழியே கேட்டது. அது யாருக்கான கைதட்டல் என்று சிகுசாவுக்கு மட்டும்தான் தெரியும். வியர்வையோடு ஓடிவந்து தலையை நீட்டினாள் ருரிகோ.

“பார்த்தீங்களா கூட்டத்தை! இன்னைக்கு எத்தனை? அம்பது? பொய் சொல்லாதீங்க, அறுபதா?”

சிகுசா தாளை அவள் பக்கம் திருப்பி நகர்த்தினாள்.

“பதினொண்ணு?” ருரிகோ சிரித்தாள். “நெரிசல்ல விட்டுட்டீங்க போல.”

“விடல.” சிகுசா விரலால் ஆறாவது கட்டத்தைக் காட்டினாள். “இதான் சரி. முன்னாடி போட்டதுதான் தப்பு.”

“எது முன்னாடி?”

“எல்லாமே. சும்மா வந்தவங்களை உங்க கட்டத்துல போட்டேன். முதல் நாள்லேர்ந்து. அன்னைக்கு உங்களுக்குன்னு வந்தது ரெண்டே பேரு.”

ருரிகோ தாளின் மேல் குனிந்தாள். வியர்வை ஒரு சொட்டு ஆறாவது கட்டத்தில் விழுந்து மையைக் கரைத்தது.

“அந்த ரெண்டு பேர் என் தங்கச்சியும் அவ புருஷனும்” என்றாள். பிறகு, “உங்களை யார் கேட்டா?”

“யாரும் கேட்கல.”

“மூணு தடவை பத்துக்குக் கீழ வந்திருந்தா அப்பவே என்னை அனுப்பியிருப்பாங்க. இருபத்தி மூணு வயசுல அழுதுட்டு வேற வேலைக்குப் போயிருப்பேன். இல்ல, வெறி பிடிச்சு நல்லாப் பாடக் கத்துட்டிருப்பேன். ரெண்டுல எது நடந்திருக்கும்னு இனிமே எனக்குத் தெரியவே தெரியாது. புரியுதா சிகுசா-சான்?”

“புரியுது.”

“ஷிபுயா பத்திக் கேட்டப்போ தலையாட்டினீங்களே!”

சிகுசா பேனாவை மூடி வைத்தாள். எழுந்து நின்றாள். எழுந்து நின்றதும் ஜன்னலுக்கு மேலே இருந்த பலகைதான் கண்ணெதிரே இருந்தது, ருரிகோவின் முகம் இல்லை. மறுபடி உட்கார்ந்து, நெற்றி மேசையில் படும்படி குனிந்தாள். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு கித்தார் உறையின் அடிப்பாகம் படியேறிப் போய்க்கொண்டிருந்தது.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஷிபுயா ஹாலை ருரிகோ எடுக்கவில்லை. புதுக் க்ரேப் கடைக்கு அவள்தான் மேனேஜர். வியாழக்கிழமை விடுமுறை. ஆனால் பாட்டை விட்டுவிடவுமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமை, கோஎன்ஜியில் நாற்பது பேர் கொள்ளும் அறையில் பாடுகிறாள். முதல் ஆளாக.

சிகுசா இப்போது ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள தையல் கடையில் சட்டைக் கை நீளம் குறைக்கிறாள். சில நாள் க்ரேப் வரிசையில் போய் நிற்கிறாள். “வேற ஏதாவது வேணுமா?” என்று கேட்பதோடு சரி, ருரிகோ வேறொன்றும் பேசுவதில்லை. கோஎன்ஜிக்கு இரண்டு முறை போய், வாசல் வரை சென்று திரும்பிவிட்டாள். அங்கேயும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

மினாசோகோ இருந்த இடத்தில் வெள்ளைத் தகடு வேலி நிற்கிறது. அடுத்த மார்ச் வரை வேலை நடக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது.