படத்துக்குள் ஒளித்த வாக்கியமும் சித்தியும்

"லேப்பில உயிரோட இருக்கும், பிள்ளை. போன் குரூப்பில ஒருக்கா அனுப்பினா செத்துப் போயிடும்" என்றார் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், என் இறுதியாண்டு ஆய்வின் மேற்பார்வையாளர். செத்துப்போகும் என்று அவர் சொன்னது, நான் ஒரு புகைப்படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த வாக்கியத்தை.

கணினிக்குப் படம் என்பது வெறும் எண்கள். அவற்றை ஒரு துளி கூட்டிக் குறைத்தால் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினி அதை எழுத்தாக வாசிக்கும். யாராவது படத்தைத் திருடித் தன்னுடையது என்றால் உள்ளே இருக்கும் எழுத்து சாட்சி சொல்லும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாய் முடித்த முதல் ஆள் நான். இந்த வித்தையைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மிதப்பில் கம்பஸ் முழுக்க நடந்துகொண்டிருந்தேன். ஆனால் ஆய்வு தோற்றால் பட்டம் தள்ளிப்போகும்.

கெலிஓயா பஸ் நிறுத்தத்தில் குடையோடு இளித்துக்கொண்டு நிற்கும் என் படத்தில் "இது நான்தான்" என்று ஒளித்து, பன்வில தேயிலைத் தோட்டத்துச் சித்திக்கு அனுப்பினேன். சித்திக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் போனில் பூச்சட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. படம் திரும்பி வந்தது, மூலைக்கு மூலை ரோஜா, தலைக்கு மேல் ஒரு மயில்.

"என்னா பாப்பா, மொட்டையா அனுப்பியிருக்க. அதான் கொஞ்சம் சோடிச்சேன்."

உள்ளே தேடினேன். ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை. படத்தைச் சுருக்கும்போது போன் முதலில் தூக்கி எறிவது, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளிகளைத்தான்.

அதன்பின் சித்திதான் என் ஆய்வுக்கூடம். வாக்கியத்தை இன்னும் ஆழமாக, படமெங்கும் திரும்பத் திரும்பப் பதித்து அனுப்புவேன்.

"நல்லா கெடுங்க சித்தி."

"கெடுக்கிறதா? அழகாக்குறேன்டி."

மாம்பழம், வேல், பட்டாம்பூச்சி. மெல்ல மெல்ல எழுத்து மிஞ்சத் தொடங்கியது.

தேர்வு நாளில் சேர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "இப்ப எங்களுக்கு முன்னால யாருக்காவது அனுப்பும். திரும்பி வாற படத்தில வாசிச்சுக் காட்டினா சித்தி" என்றார். பரீட்சையில் தேறுவதற்கும் எங்கள் பக்கம் "சித்தி" என்றுதானே சொல்வோம். எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. அதே குடைப் படத்தைச் சித்திக்கு அனுப்பினேன்.

வந்த படம் பெரிய திரையில் விழுந்தது. சுற்றிலும் வெண்தாமரை, இரு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பெரிய எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". நடுவில் குடையோடு இளித்துக்கொண்டு நான். சேருக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு பரீட்சகரான சிங்கள மேடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. விளக்குகளைப் பார்த்தே புரிந்துகொண்டு மரியாதையாகப் பாதி எழுந்துவிட்டார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். அஞ்சலிக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாய் வந்தது: இது நான்தான்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆள் போனாலும் எழுத்து சாகேல்லை. சித்தி."

வெளியே ஓடிவந்து போன் எடுத்தேன். "சித்தி, நான் சித்தி!"

"நீ யாருக்குடி சித்தி?"

"பாஸ், சித்தி." பிறகு அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று சொன்னேன்.

"ஆனா பூவு நல்லாத்தானே இருந்துச்சு?"

அடுத்தது வீடியோவுக்குள் எழுத்தை ஒளிப்பது. அதையே தலைப்பாகக் கொடுத்து மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். முதல் வீடியோவை நேற்றுச் சித்திக்கு அனுப்பியும் விட்டேன்.