சுக்கான் என்று எழுதிய இரண்டு மண்

மண் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் பொய் சொல்கிறார். மீன் விற்கிற அந்த அம்மாவின் வீடு விரிசல் விட்டதற்கு அந்த அம்மா சுவரோரம் தோண்டிய கழிவுக்குழி காரணம் இல்லை. இன்ஜினியர்தான் காரணம். அவரோடு நானும்.

மண் பரிசோதனைக்குத் துளை போடுவது என் வேலை. செங்கல்பட்டுப் பக்கம் குழாயில் மக்கிய பாறை வந்தால் சுக்கான் என்போம். அதன் மேல் தைரியமாக வீடு கட்டலாம். மாமல்லபுரம் கடலோரத்திலும் சுக்கான் என்றுதான் குறிப்பேட்டில் எழுதுவோம். ஆனால் அங்கே அது கிளிஞ்சலும் மணலும் இறுகிய மெல்லிய ஓடு. உடைத்தால் கீழே பொலபொலவென்று மணல். எந்தச் சுக்கான் என்று எங்களுக்குள் யாரும் கேட்டதில்லை. துளை போடுகிறவன் எங்கே நிற்கிறான் என்பது அவனுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பழைய குறிப்புகளை அதில் ஏற்ற என்னைக் கூடுவாஞ்சேரி ஆபீசில் உட்கார வைத்தார்கள். அதையெல்லாம் படித்துவிட்டு, துளை போடாத இடத்திலும் கீழே என்ன இருக்கிறது என்று அது கணிக்குமாம். மண் வகைப் பட்டியலில் சுக்கான் இல்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து செய்யும் வேலை, சீக்கிரம் முடித்தால் நல்ல பெயர். இரண்டையும் 'மக்கிய பாறை' என்றே அடித்தேன்.

பிறகு மாமல்லபுரம் கடலோரக் குப்பத்தில் வரிசை வீடுகள் கட்ட மண் பார்க்க வந்தோம். இரண்டே துளை போட்டோம், மற்ற மனைகளுக்குக் கணிப்பு. அந்தக் கணிப்பு எதையும் ஒளிக்கவில்லை. எந்தக் காரணம் முடிவை எவ்வளவு இழுத்தது என்று பக்கத்திலேயே கோடுகளாகக் காட்டியது. அந்த அம்மாவின் மனையில் கடல் அருகில் என்பதற்குக் குட்டிக் கோடு. பழைய துளையில் மக்கிய பாறை என்பதற்கு நீளக் கோடு. அது நான் அடித்த சொல்.

"சார், இங்க சுக்கான்னா பாறை இல்ல சார். வெறும் ஓடு. நான் தப்பா ஏத்திட்டேன்" என்று இன்ஜினியரிடம் சொன்னேன்.

"மிஷினே காரணம் சொல்லிகினு கீது. உனுக்கு இன்னா அண்ணாத்த பேஜாரு? போய் நாஸ்தா துண்ணு" என்றார்.

போனேன். உண்மையிலேயே போய் இட்லி தின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது. இன்னொரு துளை போட அரை நாள் போதும். துளை போடும் இயந்திரம் என் கையிலேயே இருந்தது.

அறிக்கையில் 'பாறை' என்ற முடிவு மட்டும் இருந்தது. கோடுகள் இருந்த பக்கம் இல்லை. அதை நம்பி வீடுகளைக் கட்டினார்கள். அடுத்த மழையில் அந்த அம்மாவின் வீட்டு மூலை இறங்கியது. போய் நின்றேன். விரிசலில் அந்த அம்மா கையை விட்டுக் காட்டினார்.

"பாறை பாறைன்னு சொன்னியே நைனா, உன் பாறை இன்னா நீச்சலடிக்குதா? புள்ளைங்கள எங்க படுக்க வைப்பேன்?"

இப்போது அந்த அம்மா குழி தோண்டியதுதான் தப்பு என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால் வீட்டைச் சரிசெய்து தர முடியாதாம்.

இன்ஜினியர் சார், நான் குப்பத்துக் கூட்டத்தில் எழுந்து, தப்பாக அடித்தவன் நான்தான் என்று சொல்லப்போகிறேன். நீங்களும் வாருங்கள். கோடுகள் இருந்த அந்தப் பக்கத்தை அறிக்கையிலிருந்து எடுத்தது யார்? அந்த அம்மா முன்னால், ஊர் முன்னால், வாயைத் திறந்து சொல்லுங்கள்.