பின்சீட்டுக்குப் பயிற்சி இல்லை

பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டினில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவு என்றால் ஒரு மேசை, ஓர் இரும்பலமாரி, அப்புறம் நான். இயந்திரத்தில் யாருடைய விரலும் மாட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் அந்த அலமாரியில் சேர்ந்துகொண்டே போன விபத்துப் படிவங்கள் பெரும்பாலும் இயந்திரங்களைப் பற்றியவை அல்ல. வேலைக்கு வரும் வழியிலும் வீட்டுக்குப் போகும் வழியிலும் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்களைப் பற்றியவை.

படிவங்களை அடுக்கி வைப்பது மட்டும் போதாது என்று தோன்றியது. பன்னிரண்டு பேரை இரண்டு நாள் உயர்நிலை மோட்டார் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று ஒரு பக்கம் எழுதி, மாடியில் இருக்கும் நிர்வாகத்துக்குக் கொடுத்தேன். கையெழுத்தோடு திரும்பி வந்தது. நான் எழுதிய ஒன்று மாடிக்குப் போய் சம்மதத்தோடு இறங்கியது அதுவே முதல் தடவை. பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன்.

அன்று மாலை அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவளும் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறாள். இரண்டாவது லைனில், பூதக்கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பாகங்களை இடுக்கியால் எடுத்து அதனதன் குழியில் உட்கார வைப்பது அவள் வேலை. அவள் இடது கைப் பழக்கக்காரி. எங்கள் அப்பா அம்மா சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கா பதினைந்து வயதில், பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்று வேலைக்குப் போனாள். அதனால் நான் நிற்காமல் படித்தேன், கல்லூரி வரை போனேன். நன்றி சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இடது கை என்ன கை என்பது தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான்.

இருவரும் ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். காலையில் என் கப்சாயில்தான் வேலைக்குப் போவோம். இங்கே பாதிப் பேர் ஓட்டும் அந்தச் சின்ன மோட்டாருக்கு அதுதான் பெயர். படகுத்துறை வரை ஓட்டி, ஃபெர்ரியில் ஏற்றி, கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து மாக் மண்டின். அக்காவுக்கு லைசென்ஸ் இல்லை. பின்னால் உட்கார்ந்து இடது கையில் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொள்வாள். வலது கையை என் வயிற்றின் மேல் வைத்துக்கொள்வாள், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல.

பயிற்றுநர் மலாய்க்காரர், கனத்த உடம்பு. மோட்டாரில் ஏறிவிட்டால் அந்தக் கனம் எங்கே போகிறதென்றே தெரியாது. முதல் நாள் காலை பயிற்சித் திடலில் எங்களை வரிசையாக நிறுத்தினார். பன்னிரண்டு பேரும் ஊர் வழக்கப்படி, நெஞ்சில் காற்று அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி, முதுகு திறந்திருக்கப் போட்டிருந்தோம். அவர் மலாயில் கேட்டார்: "விழுந்தால் முதலில் தேயப்போவது முதுகு. அதை ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள்?" சிரித்துக்கொண்டே திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

கூம்புகளுக்கு நடுவே காலை ஊன்றாமல் மெதுவாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார். திருப்பத்தில் சக்கரத்துக்கு முன்னால் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு பிரேக். முன்பிரேக்கைத் தொட்டால் கவிழ்த்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் யாரோ சொல்லி வளர்ந்தவர்கள். சின்ன வயதில் கேட்ட பேய்க்கதை மாதிரி அதை நம்பியிருந்தோம். அவர் அதை இறுக்காமல், பழம் பிழிவதுபோல் பிழியச் சொன்னார். நான் முன்பு நிறுத்தியிருக்கக்கூடிய தூரத்தில் பாதியிலேயே வண்டி நின்றது. திரும்பத் திரும்ப ஓட்டித் திரும்பத் திரும்ப நிறுத்தினேன். கையில் புதிதாக ஒரு நரம்பு முளைத்த மாதிரி இருந்தது.

எங்களோடு வந்திருந்த ஃபோர்க்லிப்ட் ஓட்டும் அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இத்தன வருசமா இந்த முன்பிரேக்க சும்மா அழகுக்குன்னு வெச்சிருந்தேன்லா. பொண்டாட்டிகிட்ட சொன்னா சிரிப்பா."

பயிற்சி முடிவில் தந்த சான்றிதழை அக்கா கண்ணாடி அலமாரியில், என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் நன்றாகத்தான் ஓட்டினேன். அதை மறுக்க மாட்டேன். வாரம் ஒரு முறை டயரில் காற்றுப் பார்த்தேன். கண்ணாடியை அடிக்கடி பார்த்தேன். ஜாக்கெட்டை ஒழுங்காகப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்தேன். அக்காவின் கை அதன் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. வேறு ஒரு விஷயமும் மாறியிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. மழை விட்டுச் சாலை ஈரமாக இருந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வரிசையாகப் பட்டறைகள் இருக்கும் சாலை. ஒரு பட்டறைக்குள் முகத்தை நுழைத்து லாரி ஒன்று நின்றது. அதன் பின்புறம், ரிவர்ஸ் எடுப்பதைக் காட்டும் வெள்ளை விளக்கு எரிந்தது. எரிந்ததை நான் பார்த்தேன். லாரி பின்னால் வந்தது. நான் பிரேக்கைப் பிழிந்தேன். வண்டி வழுக்கவில்லை, ஆடவில்லை, கோடு போட்டதுபோல் நேராக நின்றது. லாரியின் பின்தட்டுக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது.

அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த கணம்தான் என் வயிற்றின் மேல் கை இல்லை என்பது தெரிந்தது.

வண்டி நின்றபோது அவள் முன்னால் வந்து என் முதுகில் இடித்து, இடது பக்கம் சரிந்திருந்தாள். சாப்பாட்டுப் பையை விடாமலே விழுந்திருந்தாள். பையைப் பிடித்த அந்தக் கையின் மேல்தான் உடம்பு முழுவதும் விழுந்திருந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. "பை கொட்டிருச்சாடா, பாரு" என்றாள்.

மருத்துவமனையில் உள்ளே கம்பி வைத்துக் கட்டினார்கள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒரே கதையைச் சொன்னாள்: "என் தம்பி கோர்ஸ் போனதாலதான் உசுரோட இருக்கோம். வேற யாராச்சும் ஓட்டியிருந்தா நாங்க லாரிக்கு அடியில." ஃபோர்க்லிப்ட் அண்ணன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். "தம்பி பிரேக் பிடிச்சா அக்கா பறக்குது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சர்டிபிகேட் குடுக்கச் சொல்லணும்லா" என்றார். அக்கா கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனேன்.

அக்காவுக்குக் கட்டுப் பிரித்த வாரம் மேலதிகாரி கூப்பிட்டார். அக்காவைப் பற்றி விசாரித்தார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, பயிற்சியைத் தொடரலாமா என்று மாடியில் கேட்கிறார்கள், இரண்டு பக்கத்தில் அறிக்கை வேண்டும் என்றார். கேள்வி ஒரே வரிதான்: இந்தப் பயிற்சியால் நம் தொழிலாளர்கள் சாலையில் பாதுகாப்பாக இருக்கிறார்களா? "உன் கதையையே எழுது. லாரி மோதவில்லை, பயிற்சி பெற்றவர் சரியாக நிறுத்தினார். இதைவிட வேறென்ன வேண்டும்?" என்றார். அப்படி எழுதினால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது. அடுத்த பன்னிரண்டு பேருக்கும் பயிற்சி கிடைக்கும்.

எழுதுவதற்கு முன் மற்ற பதினோரு பேரையும் மோட்டார் நிறுத்துமிடத்தில் பிடித்துப் பிடித்துக் கேட்டேன். பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண், இப்போதெல்லாம் லாரியைக் கண்டால் தூரத்திலேயே விலகிவிடுவதாகச் சொன்னார். இருவர், ஜாக்கெட் ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது என்றார்கள். ஃபோர்க்லிப்ட் அண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"நெசத்தச் சொல்லட்டா தம்பி? முன்னாடி ஆறரைக்கெல்லாம் கெளம்பிருவேன். இப்ப ஏழு மணி ஆயிருது."

"ஏண்ணே?"

"அதான் நல்லா ஓட்டுறேன்ல. வந்துரலாம்னு ஒரு தைரியம்."

சொல்லிவிட்டு அவரே ஒரு மாதிரி என்னைப் பார்த்தார்.

அன்று மாலையே அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். மூன்றாவது பத்தியில் அந்த வெள்ளை விளக்கு வந்தது. வாகனமோட்டி விளக்கைக் கவனித்தார், வேகத்தைக் குறைக்கவில்லை. எழுதுவதற்குச் சிரமமாகவே இல்லை. யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. ஆனால் அதில் இருப்பது அக்காவின் கை. அவளுக்குத் தெரியாமல் அதை மாடிக்கு அனுப்பக்கூடாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டுப் பிரித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு இடுக்கியால் பச்சைப்பயறு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய மேசைக்குத் திரும்ப வேண்டுமானால் சோதனையில் தேற வேண்டும். அதற்காக அவளே கண்டுபிடித்த பயிற்சி அது. மூன்று பயறில் ஒன்று கீழே விழுந்தது. நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது பத்தி வந்தது.

"ஓட்டினவர் லாரியோட லைட்டப் பாத்தாரு..."

"யாரு அது, ஓட்டினவரு?"

"நான்தான்க்கா."

"அப்ப அப்படிச் சொல்லு. யாரோ பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி சொல்ற."

தாளை மடித்து வைத்தேன். "பின்னால லைட்டு எரிஞ்சத நான் பாத்தேன்க்கா. பாத்தும் குறைக்கல. வந்தா நிறுத்திரலாம்னு நெனச்சேன். முன்ன மாதிரி இருந்தா அங்கயே மெதுவாப் போயிருப்பேன்."

அவள் ஒரு பயறை எடுத்தாள். கிண்ணத்தில் போட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"உன் வயித்துலதானே கைய வெச்சிருக்கேன். முன்னாடியெல்லாம் லாரியக் கண்டா உன் வயிறு சட்டுனு இறுகும். அது இறுகினா நானும் தொடையால சீட்ட அழுத்திப் பிடிச்சுக்குவேன். கோர்ஸ் போய்ட்டு வந்தப்புறம் இறுகறதே இல்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பயம் போயிருச்சு, நல்லதுதானேன்னு இருந்தேன். அன்னிக்கு லாரிய நானும்தான் பாத்தேன். உன் வயித்துல ஒன்னுமே இல்ல. சரி, தம்பி பாத்துக்குவான்னு சும்மா உக்காந்திருந்தேன்."

வெளியே யாரோ மாடிப்படியில் எரிவாயு உருளையைத் தட்தட்டென்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கீழே போய் நின்றது. இத்தனை வருடமும் நாங்கள் இருவருமாகச் சேர்ந்துதான் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறோம். என் பயம் அவளுக்குச் சைகையாக இருந்திருக்கிறது. அந்தத் திடலில் இரண்டு நாளும் எங்கள் பின்சீட்டுகள் காலியாகவே இருந்தன. அதை யாரும் யோசிக்கவில்லை. பயிற்சி வேண்டும் என்று எழுதிய நானும் யோசிக்கவில்லை.

"என் கையப் பத்தி என்ன எழுதியிருக்க?" என்று கேட்டாள்.

"இடது மணிக்கட்டு முறிவு."

"பீச்சாங்கைக்காரின்னு எழுது. இல்லேன்னா மாடியில இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? பொழங்காத கைதானேன்னு நெனச்சுக்குவாங்க."

எழுதினேன். அதோடு, பயிற்சியைத் தொடர வேண்டும் என்றும் எழுதினேன். அந்தப் பிரேக்கை நான் கற்றிருக்காவிட்டால் அந்த ஈரச் சாலையில் நின்றிருக்க முடியாது, அது உண்மை. அதைக் கற்றிருக்காவிட்டால் அந்த வேகத்தில் அங்கே வந்திருக்கவே மாட்டேன், அதுவும் உண்மை. இரண்டில் எது பெரியது என்று அளக்க எனக்குத் தெரியவில்லை, அதையும் அப்படியே எழுதினேன். நாங்கள் தினமும் யாரையாவது ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், ஆகவே பின்னால் ஆளை உட்கார வைத்துப் பழக ஒரு நாள் வேண்டும் என்று கேட்டேன். மேலதிகாரி மூன்றாவது பத்தியை இரண்டு முறை படித்தார். "இதை நீ எழுதியிருக்க வேண்டியதில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அறிக்கை மாடிக்குப் போனது. இன்னும் இறங்கவில்லை.

அக்கா சோதனைக்குப் போனாள். விரல் நடுங்குகிறது என்றார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை போனாள். இப்போது பேக்கிங்கில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டுகிறாள். பூதக்கண்ணாடி மேசைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். பயறுக் கிண்ணங்கள் ஒரு நாள் மறுபடி சமையலறைக்குப் போயிருந்தன.

இன்னும் என் பின்னால்தான் வருகிறாள். சாப்பாட்டுப் பை இப்போது முன்னால் கொக்கியில் தொங்குகிறது. போன பயம் கூப்பிட்டால் வருவதில்லை, அதனால் வாயால் சொல்லிவிடுகிறேன். ஃபெர்ரியிலிருந்து இறங்கியதும் ஆரம்பித்துவிடுவேன். "பஸ்." "ம்." "பள்ளம்." "ம்." சில நாள் அவளுக்கு எரிச்சல் வரும், "கண்ணு எனக்கும் இருக்குலா, ஓட்டு" என்பாள்.

இன்று காலை அதே பட்டறைச் சாலை. லாரி ஒன்று முகத்தை உள்ளே நுழைத்து நின்றது. விளக்கு எரியவில்லை. இருந்தாலும் குறைத்தேன்.

"லாரி" என்றேன்.

"பாத்தேன்."

வலது கை என் வயிற்றை அழுத்தியது. இடது கை பின்சீட்டுக் கம்பியைப் பிடிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். நான்கு விரல்கள் வளைந்து கம்பியைச் சுற்றின. கட்டைவிரல் அவற்றைத் தொட முயன்று, எட்டாமல், அப்படியே நின்றது.