பாயிண்ட் த்ரீ லா

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பூன் லே வட்டாரத்தில் இருக்கிற என் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். சிங்கப்பூருக்கு வந்த ஆறாவது மாதம் அந்தப் புத்தி ஒரு பெண்ணின் தலையில் விடிந்தது.

ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆக்சைடு பொடிகளை எடைபோட்டு, அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுடுவது என் வேலை. கலவையைச் சொல்பவள் இதே சிங்கப்பூரில், பிடோக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஆராய்ச்சி உதவியாளர். லாந்தனமும் மாங்கனீசும் சேர்ந்த ஆக்சைடில் கொஞ்சம் லாந்தனத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்ட்ரான்சியம் வைத்தால் வில்லை காந்தத்தில் ஒட்டும், மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். அளவு மீறினால் இரண்டும் கெட்டுவிடும். அவளுடைய முனைவர் படிப்பு விண்ணப்பத்துக்குப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய வாரம் அது.

தராசின் முன் உட்கார்ந்து அவளுக்கு ஃபோன் போட்டேன்.

“எவ்வளவும்மா போடணும்?”

“பாயிண்ட் த்ரீ லா! இது கண்டிப்பா காந்தத்துல ஒட்டணும் அண்ணே.”

போட்டேன், சுட்டேன். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் வில்லை அசையவே இல்லை. மின்தடையும் எக்கச்சக்கம்.

லாந்தனப் பொடி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். எடைபோடுவதற்கு முன் சுட்டுக் காயவைக்க வேண்டும். அது அவள் பொறுப்பு. போய்ப் பார்த்தால் ஜாடி மூடி லூசாக இருந்தது. அட, இதுதானா சங்கதி! காயவைக்காமலே காயவைத்ததாகச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் டீ குடிக்கும்போதுகூட அந்த மூடிதான் மண்டைக்குள் ஓடியது. பழி என்மேல் விழுந்துவிடுமோ என்று பயம் வேறு. திங்கட்கிழமை பேராசிரியரிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை அவள் முகம் வாடி வந்தாள். “யாரோ என்னைப் பத்தி ப்ரொஃபசர்கிட்ட சொல்லியிருக்காங்க அண்ணே. நான் கேர்லெஸ்ஸாம். பொடியைக் காயவச்சேன், சத்தியமா.” சொன்னபடியே என் எடை நோட்டைப் புரட்டினாள். விரல் ஒரு வரியில் நின்றது.

“ஏன் லாந்தனம் இவ்வளவு கம்மி?”

“நீங்கதானே சொன்னீங்க, பாயிண்ட் த்ரீ லான்னு.” லாந்தனத்தின் குறியீடு La. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அதை ‘லா’ என்றே படிப்போம்.

அவள் வாயைப் பிளந்தாள். “ஐயோ! நான் சொன்னது ஸ்ட்ரான்சியம் பாயிண்ட் த்ரீ. அது லாந்தனம் இல்ல அண்ணே, சிங்கப்பூர்ல நாங்க பேச்சு முடிவுல சும்மா சேர்த்துக்கிற லா!”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லாந்தனத்தை முப்பதாகக் குறைத்து, நூற்றுக்கு முப்பது பங்கு இருக்க வேண்டிய ஸ்ட்ரான்சியத்தை எழுபது பங்காகக் கொட்டியவன் நான். நேராகப் பேராசிரியர் அறைக்கு ஓடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கடிதம் நேற்றே போய்விட்டது என்றார். ‘வேலையில் கவனம் போதாது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாராம். திருத்தி அனுப்புகிறேன், ஏற்பார்களா தெரியாது என்றார்.

வெளியே அவள் காத்திருந்தாள். “எதுக்கு அண்ணே இப்படி ஓடுனீங்க? யாரு சொன்னாங்கன்னு கேட்டீங்களா?”

“நான்தாம்மா சொன்னேன்” என்றேன்.