மூடி திறக்காத பாட்டிலில் தின்னர் வாசனை

ஊரப்பாக்கத்தில் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாங்கியதில் ஒரு கட்டு தண்ணீர் பாட்டில் மிஞ்சியது. மாடிப்படிக்குக் கீழே, மிச்சமிருந்த பெயின்ட், தின்னர் டப்பாக்களோடு அதையும் வைத்துவிட்டோம்.

கோடையில் ஒருநாள் கேன் தண்ணீர் வரவில்லை. அந்தக் கட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தால், அதில் போட்டிருந்த காலாவதி தேதி தாண்டியிருந்தது.

"தண்ணி எங்கனா கெட்டுப் போவுமா? சீல் அப்படியேதான கீது" என்றார் கணவர்.

அதைச் சுடவைத்து, ஒரு வயது மகளுக்குப் பால் பவுடர் கரைத்தேன். ஜலதோஷத்தில் எனக்கு வாசனையே தெரியவில்லை. இரண்டு வாய் குடித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடம்பிடிக்கிறாள் என்று நினைத்து மீதியையும் ஊட்டினேன். சற்று நேரத்தில் அத்தனையும் வாந்தி எடுத்தாள். துடைக்க வந்த கணவரின் முகம் மாறியது.

"இன்னா இது, தின்னர் வாசன வருது."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாயங்காலம் வரை என் மடியில் துவண்டு கிடந்தாள். பிறகுதான் கண் திறந்து என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"தண்ணி கெடாதும்மா. அந்தத் தேதி பாட்டிலுக்கு" என்றார் டாக்டரம்மா. "நாளாக ஆக, சூட்டுல பிளாஸ்டிக் தண்ணில இறங்கும். சீல் இருந்தாலும் பக்கத்துல இருக்கிற வாசனையும் பிளாஸ்டிக் வழியா உள்ள போயிடும்."

இப்போது பாட்டில் வாங்கினால் தேதி பார்த்து, சமையலறை அலமாரியில் தனியாக வைக்கிறேன். எந்தத் தண்ணீரானாலும் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் மகளுக்கு.